குன்னூர் மலையும் குழந்தையின் முதுகெலும்பும்

கருவில் முதுகெலும்பு முழுமையாக மூடாமல் பிறக்கும் குறையை மருத்துவர்கள் ஸ்பைனா பைஃபிடா என்பர். கால்கள் வலுவிழத்தல், தலையில் நீர் கோத்தல், சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவை அதனோடு வருபவை. இக்குறையைப் பெருமளவு தடுக்கும் மருந்தின் வரலாறு, நம் சமுதாய ஏழைப் பெண்களின் துயரிலிருந்து தொடங்கியது என்பதைப் பலர் அறியார்.

1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு ஏழைக் கர்ப்பிணிகளை, குறிப்பாகப் பஞ்சாலைப் பெண்களை, கடும் இரத்தசோகை வாட்டியது. ஏழை முஸ்லிம் பெண்களுக்கே உணவும் மிகக் குறைவு, நோயும் மிக அதிகம் எனக் கண்டார். 1929-இல் மேட்டுப்பாளையத்திற்கு மேலேயுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931-இல் உலகறியச் செய்தார். அதிலிருந்த சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது.

இக்குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார், அடுத்த கருவுக்கு முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என 1991-இல் பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகம் நிறுவியது.

ஆயினும் கருவின் நரம்புக் குழல் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் உறுதியான பின் பெறும் மாத்திரை தாய்க்கு நன்மையே; இக்குறையைத் தடுக்கவோ காலம் கடந்துவிடுகிறது. எனவே குழந்தையை எதிர்நோக்கும் பெண் முன்னதாகவே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள வேண்டும். முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்க்கு மருத்துவர் கூடுதல் அளவைக் குறிப்பார். நிக்காஹ் பேசும் வீடுகளில் இச்செய்தியும் பேசப்படட்டும்.

மாத்திரை உண்டும் சில குழந்தைகள் இக்குறையுடன் பிறக்கலாம். அது தாயின் குற்றமன்று. அக்குழந்தை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்னும் எந்திரத் தொழிலாளி, இக்குறையோடு பிறந்த தம் மகனுக்காகத் தலைநீரை வடிக்கும் வால்வை 1956-இல் உருவாக்கினார். நம் கோவையின் லேத் பட்டறைகளில் இருப்போரைப் போன்ற ஒரு கைவினைஞரே அவர். 1972-இல் மருத்துவர் லாப்பிடிஸ், வீட்டிலேயே தூய குழாயால் சிறுநீரை வெளியேற்றும் எளிய முறையைப் பரப்பினார். அதனால் பல குழந்தைகளின் சிறுநீரகங்கள் காக்கப்பட்டன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வியை உரிமையாக்கியுள்ளது.

பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல அமர்த்தினார்கள் நபி (ஸல்) அவர்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு நம் பள்ளிவாசல் படியருகே ஒரு சாய்தளமேனும் அமைப்போம்.