வானத்துப் பாடு: ஒரே நிறுவனத்தின் இரு கோபுரங்கள்

பழவேற்காட்டிலிருந்து பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குள் நுழைந்தால் உயரம் என்று சொல்ல அங்கே இருப்பது கலங்கரை விளக்கம்தான். மேற்கே ஏரி, கிழக்கே கடல், நடுவே மணல். வீடுகளுக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணலில் படகு நிற்கும், வலை காயும், கருவாடு காயும், ஏலம் நடக்கும். வெளியாளுக்கு அது வெறும் திடல். ஊராருக்கோ, எந்த இடத்தில் யார் படகு ஏறும் என்பது கேட்காமலே தெரியும்.

ஏரிக்குள் இந்த அறிவு விதியாகவே இறுகிவிட்டது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இறால் பிடிக்கும் நீர்ப்பரப்பைப் ‘பாடு’ முறையில் பங்கிட்டுக்கொள்கின்றன. தலைக்கட்டுக் கணக்கில், அதாவது ஊரின் உறுப்புக் குடும்பங்களின் பட்டியலில், உள்ளவருக்கே உரிமை. இடத்தைச் சீட்டு தீர்மானிக்கும். முறை வந்தால் இறங்கலாம், முறை முடிந்தால் விலக வேண்டும். பொது என்பது யாருக்கும் சொந்தமில்லாத இடமல்ல, இன்னாருக்கு இன்ன நேரத்தில் என்று வகுக்கப்பட்ட இடம் என்பதே பாடு சொல்லும் செய்தி. வானளாவிய குடியிருப்புகளை அளக்கவும் இந்த அளவுகோல் உதவும் என்பது என் வாதம்.

சிங்கப்பூரின் வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனத்தை 1994இல் வோங் மன் சம்மும் ரிச்சர்ட் ஹாசலும் தொடங்கினார்கள். வெப்பமண்டலத்தில் அடுக்குமாடி என்றால் குளிரூட்டி பூட்டிய கண்ணாடிப் பெட்டி என்ற வழக்கத்தை உடைத்து, காற்று ஊடுருவும் கோபுரங்களைக் கட்டுவது இவர்களுடைய கொள்கை. அவற்றில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நியூட்டன் சூட்ஸ் 2007இல் முடிந்த தனியார் கொண்டோ: 36 மாடி, 118 வீடு. ஸ்கைவில் அட் டாசன், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்காக (அங்குள்ள தமிழர் வாயில் ‘வீவக’) குவீன்ஸ்டவுனில் 2015இல் எழுந்தது: 47 மாடி, 960 வீடு.

இரண்டிலும் கருத்து ஒன்றுதான்: தரையில் இழந்த முற்றத்தை வானில் மீட்பது. நியூட்டன் சூட்ஸில் நான்கு மாடிக்கொன்றாக மின்தூக்கிக் கூடத்திலிருந்து தோட்டம் வெளியே துருத்தி நிற்கிறது. முகப்பில் வலைக்கண் போன்ற உலோகத் தகடுகள் வெயிலைச் சலிக்கின்றன. ஒரு பக்கச் சுவர் நெடுகச் செடி ஏறுகிறது. ஸ்கைவில்லில் பதினொரு மாடிக்கொரு தோட்டத்தளம். மூன்று தொகுதிகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு ‘வானக் கிராமங்கள்’. 80 வீட்டுக்கு ஒன்று. எண்பது வீடு என்பது நம் கணக்கில் ஒரு சிறு குப்பம். உச்சியில் பூங்காவும் 400 மீட்டர் ஓட்டப்பாதையும் உண்டு. அங்கே குடியிருப்போர் மட்டுமல்ல, யாரும் ஏறலாம்.

விமர்சகர்கள் வழக்கமாகப் பசுமைப் பரப்பை அளப்பார்கள். நியூட்டன் சூட்ஸின் பசுமை மனையின் பரப்பையே மிஞ்சுகிறது என்பது அடிக்கடி சொல்லப்படும் பெருமை. அந்தக் கணக்கில் இரண்டும் ஒரே சாயல் கொண்ட அண்ணன் தம்பி. அந்தத் தோட்டத்தில் உட்காரும் உரிமை யாருக்கு, உட்காரும் விதியை வகுப்பவர் யார் என்று கேட்டால்தான் இரண்டும் பிரிகின்றன.

பிரிவும் எதிர்பார்த்தபடி இல்லை. கொண்டோவில் வீட்டு உரிமையாளர்கள் சட்டப்படி நிர்வாகக் கழகமாகக் கூடி, பங்குக்கேற்ப வாக்களித்துப் பொது இடத்தை ஆள்கிறார்கள். வெளியாளுக்கு வாசலிலேயே தடை. தலைக்கட்டு இருக்கிறது, திறப்பு இல்லை. வீவக வீடுகளிலோ பொது இடத்தைப் பராமரிப்பது நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையிலான நகர மன்றம். எண்பது வீடும் சேர்ந்து தங்கள் தோட்டத்துக்கு முறை வகுக்கும் அமைப்பு அதில் இல்லை. திறப்பு இருக்கிறது, தலைக்கட்டு இல்லை. கிராமம் என்ற பெயரைக் கட்டடக் கலைஞர் தந்துவிடலாம். பஞ்சாயத்தை வரைபடத்தில் வரைய முடியாது.

பாட்டை நான் புனிதப்படுத்துவதாகத் தோன்றலாம். பாடு பட்டினவர் என்ற மீனவச் சாதிக்குள் அடங்கிய முறை. தலித் மீனவரும் இருளரும் அதன் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அதில் வழக்கும் சண்டையும் உண்டு. வேலி போட்ட பொதுமை என்ற வகையில் பாட்டுக்கு நெருங்கிய உறவு கொண்டோதான், இதை ஒப்புக்கொள்ள எனக்கே கசக்கிறது. வீவக நேர் எதிர்த் திசையில் போனது: 1989 முதல் ஒவ்வொரு தொகுதியிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று அரசே வரம்பு கட்டியது. ஒரே இனத்தின் குப்பமாக அது ஆகவே கூடாது என்பது அரசின் கொள்கை.

அப்படியானால் வீவக வாழ்வில் பாடு எங்கே? வானத்தில் தேடினால் கிடைக்காது. பழைய வீவக தொகுதிகளின் அடியில், தூண்களுக்கிடையே வெறுமையாக விடப்பட்ட கீழ்த்தளத்தில் இருக்கிறது. மலாய்க்காரர் அங்கே கல்யாணம் நடத்துவார்கள், சீனர் துக்கம் காப்பார்கள். தமிழ் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நகர மன்றத்தில் அனுமதி வாங்கி நாற்காலி போட்டுவிடுவார்கள். அந்தச் சில நாள் அந்த இடம் அந்த வீட்டுக்குரியது. குறுக்கே போகும் அண்டை வீட்டார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நாற்காலியை எடுத்ததும் இடம் பழையபடி எல்லோருடையது, அடுத்து யார் கேட்கிறார்களோ அவர்கள் முறை. இதற்குச் செடியும் தேவைப்படவில்லை, விருது பெற்ற கலைஞரும் தேவைப்படவில்லை. ஸ்கைவில்லின் பதினான்காம் மாடித் தோட்டத்தில் அப்படி ஒரு வீட்டார் நாற்காலி போடுகிற நாளில்தான் அதைக் கிராமம் என்று நான் எழுதுவேன்.