கோப்பாய்: வெள்ளம், காற்று, உப்பு

கோப்பாயில் அனர்த்தம் என்று பேச்செடுத்தால் ஷெல்லடியும் இடப்பெயர்வும்தான் முதலில் வரும். மழையைப் பற்றிக் கேட்டாலும் கதை 1995 ஒக்டோபர் 30 இரவுக்கே போய்விடுகிறது. வலிகாமம் மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்த இரவு அது. இதனால் இயற்கை இடர்கள் பற்றிய எங்கள் ஊர் நினைவு மெலிந்து கிடக்கிறது என்றே நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தும் முயற்சியே இக்கட்டுரை.

நில அமைப்பிலிருந்து தொடங்கலாம். கோப்பாயின் தோட்டக்காணிகள் சுண்ணக்கல்லின் மேல் படிந்த செம்மண். மழைநீர் அதில் விரைவாக இறங்கிவிடும். கிழக்கே கைதடிப் பக்கம் போகப் போக நிலம் தாழ்ந்து, வயலும் உவர்வெளியுமாகி உப்பாறு கடனீரேரியில் முடிகிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில் கடனீரேரி நிரம்பினால் வெள்ளம் வடிய இடமில்லை. தாழ்வான குடிமனைகளுக்குள் தண்ணீர் நிற்பதற்கு இதுவே காரணம். வெள்ளவாய்க்கால்களும் மதகுகளும் தூர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இலங்கையின் வடபகுதியையும் தாக்கியது. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2008 நவம்பர் இறுதியில் வந்த 'நிஷா' குடாநாட்டை வெள்ளத்தில் மூழ்கடித்தது. ஏ9 பாதை மூடப்பட்டு, பொருட்கள் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளமும் யுத்தமும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. 2020 டிசெம்பரில் 'புரெவி', 2024 நவம்பர் இறுதியில் 'பெங்கல்', 2025 நவம்பர் 28 இல் கரையைத் தொட்ட 'டித்வா' என மாரிக்காலப் புயல்கள் தொடர்கின்றன. டித்வாவில் நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

காற்றுக்கு முதலில் விழுவது வாழை. கோப்பாய், நீர்வேலிப் பக்கத்தில் குலை தள்ளிய தோட்டம் ஓரிரவில் சாய்ந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

ஆனால் சத்தமில்லாமல் வரும் இடர் உப்பு. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்தான் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. மழை பொய்த்து, மோட்டார் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும். 2016 இறுதியில் பருவமழை பொய்த்ததும் 2017 வரட்சியும் இதற்கான எச்சரிக்கை. உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் மலக்குழிக் கசிவும் அதே நீரைக் கெடுக்கின்றன.

இதற்கான தீர்வைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே முன்வைத்தார். தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணை கட்டி, உப்பாற்றையும் வடமராட்சிக் கடனீரேரியையும் நன்னீராக்குவது 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற அந்தத் திட்டத்தின் அடிப்படை. அணைகள் கட்டப்பட்டாலும் திட்டம் முழுமையடையவில்லை. யுத்தகாலத்தில் பராமரிப்பும் விடுபட்டது.

மாரிக்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. ஒழுங்கை வாய்க்காலையும் மதகையும் துப்புரவாக்குங்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் இட்டு உயரத்தில் வையுங்கள். இடப்பெயர்வில் ஆவணம் தொலைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரின் இடும்வரை அந்த நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம். சேதத்தை உடனே கிராம அலுவலரிடம் பதியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

இன்னொன்றும் செய்யலாம். 2008 இல் தண்ணீர் உங்கள் வீட்டின் எந்தப் படிவரை வந்தது என்பதைச் சுவரில் ஒரு கோடாகக் குறித்து, வருடத்தையும் எழுதிவையுங்கள். புலம்பெயர்ந்திருப்போர் ஊரில் புதிதாக வீடு கட்ட முன் அந்தக் கோட்டைக் கேட்டறியட்டும்.