ஆம்பூர் எந்த மாவட்டம்?

ஆம்பூர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. விலாசம்தான் மாறிக்கொண்டே வந்தது. 1989 வரை வட ஆற்காடு மாவட்டம். மாவட்டம் பிரிந்த பின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர். 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர். வாணியம்பாடியும் உடன் போனது. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கியது. ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் தனி மாவட்டத்துக்குள் வந்தன. ஒரே தோல் தொழில் வட்டாரத்தின் டேனரிகள் இன்று மூன்று ஆட்சியர்களின் எல்லைக்குள் இருக்கின்றன.

பழைய பில்களையும் விலாசப் பட்டியல்களையும் கணினியில் ஏற்றித் திருத்த உட்காருபவருக்கு இந்த வரலாறு முழுவதும் தலைவலியாக வந்து சேரும். கையில் முதலில் கிடைப்பவை நிரல்மொழியிலேயே இருக்கும் எளிய கருவிகள்: பைத்தானில் ஃபைண்ட், ரீப்ளேஸ், ஸ்ட்ரிப். கொடுத்த சொல்லை அவை அப்படியே தேடும், அப்படியே மாற்றும். ஆனால் 'வட ஆற்காடு' என்பதை முதலில் 'வேலூர்' என்று மாற்றிவிட்டால், 'வேலூர் அம்பேத்கர் மாவட்டம்' என்று எங்குமே இல்லாத மாவட்டம் ஒன்று பிறந்துவிடும். நீண்ட பெயரை முன்னால் மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். ஆங்கில விலாசங்களில் இன்னொரு பொறி உண்டு. சென்னைப் பெரம்பூரின் கடைசி ஐந்து எழுத்துகள் அப்படியே ஆம்பூர்! பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் தேடினால் பெரம்பூர்க்காரர்கள் எல்லோரும் ஆம்பூர் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

இங்கேதான் ரெஜெக்ஸ் வருகிறது. சொல்லைக் கொடுக்காமல் சொல்லின் வடிவத்தைக் கொடுத்துத் தேடும் முறை அது. நரம்பு வலைகளை விவரிக்க 1951இல் ஸ்டீபன் கிளீனி உருவாக்கிய கணிதக் குறியீட்டை, 1968இல் கென் தாம்சன் உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். யூனிக்ஸ் இயங்குதளத்தின் தேடல் கருவியான கிரெப் அந்த வழியில் பிறந்தது.

ஆம்பூரின் பின்கோடு 635802. ஒருவர் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் மூன்று இலக்கத்துக்குப் பின் இடைவெளி விடுவார், மற்றொருவர் நடுவில் கோடு போடுவார். '6இல் தொடங்கும் ஆறு இலக்கம், நடுவில் இடைவெளியோ கோடோ இருக்கலாம்' என்று ஒரே வரியில் சொல்ல ரெஜெக்ஸை விட்டால் வேறு நல்ல வழியில்லை. ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் இது பொருந்தும். 2020இல் தமிழக அரசு 1,018 ஊர்களுக்குப் புதிய எழுத்துக்கூட்டலை அறிவித்து, ஜூன் 18 அன்று திரும்பப் பெற்றது. அது நிலைத்திருந்தால் வேலூருக்கே பட்டியலில் இன்னொரு வடிவம் கூடியிருக்கும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ரெஜெக்ஸைத் தூக்கக் கூடாது. 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை நீக்க எழுதிய ஒரு ரெஜெக்ஸ், சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்த ஒரு பதிவில் சிக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பத் திரும்ப எண்ணத் தொடங்கியதே காரணம். பொறியாளர்கள் அதை எடுத்துவிட்டு எளிய சரத் துண்டாக்கும் கட்டளையை வைத்தார்கள்.

பட்டியல் தமிழில் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நம் கண்ணுக்கு 'ஆம்பூர்' நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறிகள். பைத்தானுடன் வரும் ரெஜெக்ஸ், புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும் எழுத்தாகக் கருதுவதில்லை. சொற்களைப் பிரிக்கச் சொன்னால் 'ஆம', 'ப', 'ர' என்று மூன்று துண்டுகளை நீட்டும். 'தோல்' என்பதிலோ எளிய கருவியும் தோற்கும். 'தோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது; கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். அதனால் தமிழ்ப் பட்டியலில் கை வைக்கும் முன், எல்லா வரிகளையும் யூனிகோடின் ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ரெஜெக்ஸா, ரீப்ளேஸா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.