அடமானக் கடனும் வங்கியின் பொறுப்பும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலைக் கடந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில் மனை விற்பனைப் பலகைகளுக்குக் குறைவில்லை. அங்கீகாரம் பெற்ற மனை என்ற வரிக்குக் கீழே வங்கிக் கடன் வசதி உண்டு என்ற வரியும் தவறாமல் காணப்படும். மோட்டார்த் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் இளைஞன், தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் தானே ஆராய வல்லவனல்லனாதலின், பெரிய வங்கியொன்று பணந்தர இசைந்தமையையே சொத்தின் சுத்தத்துக்குப் பிரமாணமாகக் கொள்கிறான். அது பேதைமையன்று, நியாயமான அனுமானமே. வங்கியின் வக்கீல் எழுதும் சட்ட அபிப்பிராயத்துக்குக் கட்டணம் செலுத்துபவனும் அவனே, அதன் நகல் பெரும்பாலும் அவன் கைக்கு வருவதில்லையெனினும்.

அந்த நம்பிக்கையின்மேல் கடன் கொடுத்த ஸ்தாபனம், சொத்தையும் கட்டுமானத்தையும் சோதிக்கும் தன் கடமையை அறிந்தே கைவிட்ட அளவுக்குக் கடனை வசூலிக்கும் உரிமையையும் இழக்கவேண்டும் என்பதே என் வாதம்.

டெல்லித் தலைநகர்ப் பிரதேசத்தில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். சப்வென்ஷன் என்ற திட்டத்தின்கீழ், வீடு வாங்குவோன் பெயரில் அனுமதித்த கடனை வங்கி நேரே பில்டரிடம் கொடுத்தது. வீடு கைக்கு வரும்வரை வட்டியைப் பில்டர் கட்டுவதாக ஏற்பாடு. பில்டர் வட்டியை நிறுத்தியதும், எழும்பாத மாடியில் இல்லாத வீட்டுக்கு மாதத் தவணை கட்டுமாறு வாங்கியவனுக்கு நோட்டீஸ் வந்தது. கட்டுமானத்தின் படிநிலையோடு ஒட்டியே பணம் விடுவிக்கவேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விடுத்திருந்தது. ஆகவே அறியாமை என்ற சமாதானத்துக்கு இடமில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதுபற்றி ஏழு பூர்வாங்க விசாரணைகளைத் தொடங்குமாறு சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டு, ஜூலையில் 22 வழக்குகள் பதிய அனுமதித்தது.

குற்றவழக்கு வேண்டியதே. கம்பெனியைச் சிறையிலிட முடியாதெனினும் அதன்மேல் வழக்குத் தொடுத்து அபராதம் விதிக்கலாமென்று 2005-இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கிலும், தனியார் வங்கி அதிகாரிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்குப் பொது ஊழியரே என்று 2016-இல் ரமேஷ் கெல்லி வழக்கிலும் தீர்ப்பாயிற்று. ஆயினும் அதிகாரி தண்டனை பெறுவதால் கடன்காரனின் தவணை ஒரு ரூபாயும் குறைவதில்லை. அமெரிக்காவில் 2012-இல் ஐந்து பெரிய வங்கிகள் வீட்டுக்கடன் முறைகேடுகளுக்காக 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டபோதும், பங்குதாரரின் பணம் போயிற்றேயன்றித் தலைவர்கள் எவரும் சிறை புகுந்திலர்.

மெய்யான ஆயுதம் வேறிடத்தில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டின் தீர்ப்பை எதிர்பாராமலே சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிக்கு அளித்து, சிவில் கோர்ட்டின் வாசலையும் அடைத்தது. வங்கியின் செயல் மோசடியானதாயின் அவ்வாசல் சிறிது திறந்திருக்கும் என்று 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் கூறப்பட்டதாயினும், மோசடியை மெய்ப்பிக்கும் பாரம் கடன்காரன் தலையில் இருக்கிறது. கட்டடத்தைப் பார்வையிட்ட அறிக்கையோ வங்கியின் அலமாரியில் இருக்கிறது! இப்பாரத்தைத் திருப்பி வைத்து, எந்தத் தளம் எழும்பியதைக் கண்டு எந்தத் தவணையை விடுவித்தது என்று வங்கியே காட்டட்டும். காட்டமுடியாத தொகையை அது பில்டரிடமே வசூலித்துக்கொள்ளட்டும்.

இதனால் எளியோர்க்குக் கடன் கிடைக்காமற்போகும் என்பது ஆட்சேபம். ஆனால் பில்டருக்குக் கொடுத்த கடனை, வீடு வாங்கியோரின் குடியிருப்புகளினின்று வங்கிகள் வசூலிக்கலாகாதென்று 2019-இல் ஆம்ரபாலி என்ற பில்டர் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பான பின்னரும் வீட்டுக்கடன் வளர்ந்தே வந்திருக்கிறது. மேலும், கடன் தீர்ந்தபின் 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி நாளொன்றுக்கு ரூ.5,000 கொடுக்கவேண்டுமென 2023-இல் ரிசர்வ் வங்கியே விதித்துவிட்டது; பத்திரத்தைத் தாமதித்ததற்கு விலை வைத்தவர்கள், கட்டாத தளத்துக்குப் பணம் விடுவித்ததற்கு விலை வைக்கத் தயங்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.