குருதிக்குழாய்ச் சுவர்

குருதிக்குழாய்ச் சுவர் என்பது தமனி, சிரை ஆகியவற்றில் குருதி ஓடும் உள்வெளியைச் சூழ்ந்துள்ள இழைய அடுக்குகளைக் குறிக்கும். தமனிகள் இதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்கின்றன. சிரைகள் அதனை இதயத்திற்குத் திரும்பக் கொண்டுவருகின்றன. இருவகைக் குழாய்களின் சுவரும் மூன்று உறைகளால் ஆனது. எனினும், அவை தாங்கும் அழுத்தம் வேறுபடுவதால் உறைகளின் தடிப்பும் வேறுபடுகின்றது.

மூன்று உறைகள்

உள்ளுறை: இதன் உட்பரப்பில் ஒற்றை வரிசைத் தட்டை உயிரணுக்களாலான அகவணி உள்ளது. இது குழாயினுள் குருதி உறைவதைத் தடுக்கிறது. இது வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது.

நடுவுறை: வட்டமாக அமைந்த மழமழப்பான தசை உயிரணுக்களும் மீள்தன்மை நார்களும் கொண்டது.

வெளியுறை: கொலாசன் நார்கள் மிகுந்த இணைப்பிழையம். பெரிய குழாய்களின் சுவருக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய குருதிக்குழாய்கள் இதில் உள்ளன.

தமனிகள்

தமனிகளில் நடுவுறையே மிகத் தடித்தது. பெருந்தமனியின் விட்டம் ஏறத்தாழ 2.5 செ.மீ., சுவரின் தடிப்பு ஏறத்தாழ 2 மி.மீ. ஆகும். இதயம் சுருங்கும்போது இதன் மீள்தன்மை நார்கள் விரிகின்றன. இதயம் தளரும்போது அவை மீண்டு குருதியை முன்தள்ளுகின்றன. இதனால் இரு துடிப்புகளுக்கு இடையிலும் குருதியோட்டம் நின்றுவிடுவதில்லை. நுண்தமனிகளில் தசையே மிகுதி. அது சுருங்கி விரிவதால் உறுப்புகளுக்குச் செல்லும் குருதியின் அளவு கட்டுப்படுத்தப்படுகிறது.

சிரைகள்

சிரைகளின் நடுவுறை மெல்லியது. பெரிய சிரைகளில் வெளியுறையே தடித்தது. எளிதில் விரியக்கூடியவை என்பதால், ஓய்வு நிலையில் உடற்குருதியின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி சிரைகளில் தங்குகிறது. கை, கால் சிரைகளில் உள்ளுறையின் மடிப்புகளாலான வால்வுகள் குருதி பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கின்றன. வில்லியம் ஆர்வி 1628இல் வெளியிட்ட நூலில், குருதிச் சுற்றோட்டத்திற்கு இவ்வால்வுகளையும் சான்றாகக் காட்டினார்.

மருத்துவ முக்கியத்துவம்

தமனித் தடிப்பு நோயில் உள்ளுறையில் கொழுப்புப் படிந்து குழாய் குறுகுகின்றது. இதயத் தமனிகளில் இவ்வாறு நேரும்போது, காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு மாற்றுவழி அமைக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படுவதுண்டு. குறைந்த அழுத்தத்திற்கு ஏற்ற அச்சிரை, தமனியின் அழுத்தத்தைத் தாங்க நேர்வதால் நாளடைவில் அதன் உள்ளுறை தடித்து மீண்டும் அடைபடலாம். மார்பக உள்தமனியைக் கொண்டு அமைக்கப்படும் வழி பொதுவாக நீண்ட காலம் திறந்திருக்கிறது.

பெருந்தமனியின் உள்ளுறை கிழிந்து, குருதி நடுவுறைக்குள் புகுந்து அடுக்குகளைப் பிரிப்பது பெருந்தமனிப் பிளவு எனப்படும். இது உடனடி மருத்துவம் தேவைப்படும், உயிருக்கு ஆபத்தான நிலையாகும். திடீரெனத் தோன்றும் கடும் மார்புவலி அல்லது முதுகுவலி இதன் முதன்மை அறிகுறியாகும்.