வைக்கோல் கட்டும் மெஷினும் நம்ம ஊர்ப் பட்டறையும்



கோபி பக்கம் நெல் அறுப்பு மெஷினுக்குப் போன பிறகு, வைக்கோல் அள்ளுவதும் மெஷினுக்குப் போய்விட்டது. டிராக்டருக்குப் பின்னால் ஓடும் பேலர் கட்டுக் கட்டாகப் போட்டுக்கொண்டே போகிறது. அந்த பேலர் பழசாகி, கட்டு அவிழ ஆரம்பித்தால் என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போடுவதா, தேய்ந்த சாமானை மாற்றி ஓட்டுவதா? விவசாயம் பார்க்கும் மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

நம்ம பக்கம் அதிகம் பார்ப்பது உருளைக் கட்டு பேலர். அது கயிற்றைச் சுற்றி வெட்டிவிடும், முடிச்சு கிடையாது. சதுரக் கட்டு போடும் பேலரில்தான் முடிச்சு உண்டு. அந்தப் பகுதிக்கு ‘நாட்டர்’ என்று பெயர்.

1870களில் அமெரிக்காவில் கதிரை அறுத்துக் கட்டும் மெஷின் கம்பியால்தான் கட்டியது. கம்பித் துண்டு தீவனத்தோடு மாட்டு வயிற்றுக்குள் போனது. விவசாயிகள் வெறுத்துப்போனார்கள். அப்போது ஜான் ஆப்பிள்பை என்பவர் கயிற்றால் முடிச்சுப் போடும் கருவியைச் செய்தார். பறவையின் அலகு போன்ற ஒரு கொக்கி. அது ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றை வளையமாக்கும், அலகு திறந்து கயிற்று நுனியைக் கவ்வும், கத்தி வெட்டும், ஒரு கை வந்து முடிச்சைத் தள்ளிவிடும். 1940களில் நியூ ஹாலண்ட் நிறுவனத்தின் பேலர்களில் தானே முடிச்சுப் போடும் முறை பரவியது. அடிப்படை இன்றும் அதேதான். ஆகவே மெஷின் பழசு என்றாலும் அதன் வேலை முறை பழசாகிவிடவில்லை.

தேய்வது எது? கொக்கியின் அலகு, கயிற்றைப் பிடிக்கும் தட்டு, கத்தி, பேரிங், செயின். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது இரும்பையும் அரிக்கும்.

இங்கேதான் நம்ம ஊர் வரலாறு வருகிறது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று கோவையில் நூற்பாலை தொடங்கினார். மெஷின்கள் சீமையிலிருந்து வந்தன. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பலுக்குக் காத்திருக்க முடியுமா? பட்டறைக்காரர் அச்சு எடுத்து, வார்த்து, கடைந்து கொடுத்தார். 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்பயிற்சிக்கு வழி செய்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் உற்பத்தி தொடங்கியது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது. வெளிநாட்டு மோட்டாரைப் பிரித்துப் பார்த்த ஊர், 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து சொந்தமாக மோட்டார் செய்த ஊரானது. முதலில் பழுது பார்த்தோம், பிறகு செய்தோம். அந்த வரிசையை மறக்கக்கூடாது.

ஆனால் பழுது பார்ப்பது என்றால் எல்லாவற்றையும் கெட்டியாக்குவது அல்ல. பேலரில் ‘ஷியர் போல்ட்’ என்று ஒன்று உண்டு. பெரிய சுமை வந்தால் அது உடையவேண்டும், அதற்காகவே வைத்தது. அடிக்கடி உடைகிறது என்று அதைவிடக் கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடுவார்கள் சிலர். அடுத்த தடவை உடைவது ஊசியாகவோ கியராகவோ இருக்கும். பத்து ரூபாய் போல்ட்டை மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் செலவு செய்வது கணக்கா?

ஆகவே என் பதில் இது. அலகில் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றுங்கள். கத்தியைச் சாணை பிடியுங்கள். ஷியர் போல்ட்டுக்குச் சொன்ன தரத்தையே வாங்குங்கள். பட்டறையில் கடைந்து வாங்கும்போது தேய்ந்த சாமானை மட்டும் மாதிரிக்குக் கொடுக்காதீர்கள். தேய்ந்த அளவையே கடைந்து தருவார்கள். முடிந்தால் புதுச் சாமானின் அளவையும் கொடுங்கள். நாட்டரில் கை வைக்கும் முன் டிராக்டரை அணைத்துச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் முழுவதும் நின்ற பிறகுதான் கை போகவேண்டும். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மறக்காதீர்கள், கண்ணுகளா.

லேத் ஓட்டும் என் மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் பட்டறையில் வேலை பழகும் பையனுக்கு ஒரு சாமானைக் கடையச் சொல்லும் முன், அது ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். நம்ம ஊரை வளர்த்தது அந்த ‘ஏன்’தான்.