சிறு துளையும் அடங்காத உடலும்

எண்டோஸ்கோப் வந்தபிறகு மூளை அறுவை பற்றிய பேச்சே மாறிவிட்டது. மூக்கு வழியே நுழைந்து பிட்யூட்டரிக் கட்டியை எடுக்கிறார்கள். மண்டையில் ஒரு துளை போட்டு, உள்ளே தேங்கிய நீருக்கு வழி வெட்டுகிறார்கள். காயம் சின்னது. நல்லதுதான். ஆனால் காயத்தின் அளவை வைத்து அதிகாரத்தின் அளவைச் சொல்லிவிட முடியுமா? தமிழகத்தில் இந்தச் சிறு துளைக்குப் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது.

1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மனநோய்க்காக மூளையின் முன்பகுதி இழைகளைத் துண்டித்த எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு தந்ததும் அதே ஆண்டுதான். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனைக்கு பி. ராமமூர்த்தி வந்தார். அறுபதுகளில் அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் ஸ்டீரியோடாக்டிக் முறையைக் கையாண்டார்கள். தலையில் சட்டகம் பொருத்தி, எக்ஸ்ரே பார்த்துக் கணக்கிட்டு, துளை வழியே ஊசியை இறக்கி, குறித்த புள்ளியை மட்டும் அழிப்பது. பார்க்கின்சன் நடுக்கத்துக்குப் பயன்பட்ட இந்த முறை, முரட்டுத்தனமும் ஓயாத துறுதுறுப்பும் கொண்டவர்களின் அமிக்டலாவுக்கும் போனது. அவர்களில் குழந்தைகளும் உண்டு. 'செடடிவ் நியூரோசர்ஜரி' என்று மருத்துவர்களே பெயர் வைத்தார்கள். அதாவது, அமைதிப்படுத்தும் அறுவை. 1988இல் ராமமூர்த்தி தந்த கணக்கு: 28 ஆண்டுகளில் 603. அமிக்டலாவில் 481, ஹைப்போதாலமஸில் 122.

இவர்களை வில்லன்களாக்குவது சுலபம். வேறெந்த வைத்தியமும் கைகொடுக்காதவர்களுக்குத்தான் செய்தோம் என்பது அவர்கள் வாதம். கட்டிப்போட்டு வளர்க்க வேண்டிய பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் தாயிடம் போய் ஃபூக்கோ பேச முடியாது. என் கேள்வி வேறு. குணமானதை எப்படி அளந்தார்கள்? மற்றவரோடு பழகுகிறாரா, சாதுவாகிவிட்டாரா, மருந்தோடாவது சமாளிக்க முடிகிறதா: இதுதான் அளவுகோல். இதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர், நோயாளி அல்ல.

இதே அடங்காமை வேறிடத்தில் எப்படி வாசிக்கப்பட்டது என்று பார்க்க, வேலூரிலிருந்து தெற்கே எங்கள் திருவண்ணாமலைக்கு வரலாம். 1929இல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகளைப் பைத்தியம் என்றவர்கள் உண்டு. அவர் கடைக்குள் புகுந்து சாமான்களை வாரி இறைத்தால் அன்று வியாபாரம் கூடும் என்று கடைக்காரர்கள் காத்திருந்தார்களாம். இதைப் புனிதமாக்க எனக்கு உத்தேசமில்லை. அந்தச் சலுகை ஒரு பிராமண ஆண் துறவிக்குக் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் தனக்குள் பேசிக்கொண்டு திரியும் பெண்ணுக்குக் கல்லடிதான். ஆனாலும் ஒரே நடத்தை இங்கே அருள், அங்கே அழிக்க வேண்டிய ஒரு புள்ளி.

மனநோய்க்கான மூளை அறுவைக்கு, விவரம் தெரிந்து நோயாளியே தரும் ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.